செட்டிநாட்டில் தோட்டம் எந்தப் பக்கம்?

9 ஜனவரி, வாசகர் ஒருவர் எழுதியது

செட்டிநாட்டு வீட்டுத் தோட்டங்களைப் படமெடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். தெருவுக்குத் தெரு சுவர், சுவருக்குள் கல், கல்லுக்கு மேல் தேக்கு. இதில் தோட்டம் எங்கே? கட்டினவர்கள் பர்மாவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தார்கள், செடியைக் கொண்டுவரவில்லை. பூ வேண்டுமென்றால் கொடைக்கானல் போங்கள். டீசலாவது உருப்படியாகச் செலவாகும்.

10 ஜனவரி

டீசல் இல்லை, பெட்ரோல். சித்தப்பாவின் மாருதி ஆம்னி. புதுக்கோட்டையில் அவர் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் கல்யாண வீடுகளுக்கு லைட்டும் ஸ்டாண்டும் ஏற்றிப் போன வண்டி. ஸ்டூடியோவை மூடி ஏழு வருஷமாகிறது. வண்டியை மட்டும் விற்க மாட்டேன் என்கிறார்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. என்னைப் போன்ற கல்யாணப் போட்டோகிராபருக்கு ஆண்டுக்கு இரண்டு மாதம் லீவு, ஆடியும் மார்கழியும். ஆடியில் அந்தப் பக்கம் போனால் புழுதிதான் கிடைக்கும். மழை ஓய்ந்த கையோடு போனால்தான் பச்சை. அதனால் இப்போது. தை பிறந்து கல்யாண வேலை தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

திருமயம் வழியாக இறங்கி, கடியாபட்டி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி, ஆத்தங்குடி. அப்புறம் திருப்பத்தூர்ப் பக்கம். கடைசியில் நாட்டரசன்கோட்டை. தோட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

11 ஜனவரி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி.

முதலில் கானாடுகாத்தான். காலை ஆறே முக்காலுக்கு அரண்மனை முன்னால் நின்றோம். 1912-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டியது. பிற்பாடு சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுப்பியவரும் அவர்தான். வெயில் முகப்பில் ஏறுகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு நேர்நேரான அகலத் தெருக்களில் ஒவ்வொன்றாக நடந்தேன். முகப்புக்கு மேலே சுதைவேலை. நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த சிப்பாய். ஒரு வீட்டில் சிப்பாய்க்குப் பக்கத்தில் சைக்கிளோடு ஒருவர் நிற்கிறார். எல்லாம் அழகு. எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த படம்.

மொத்தம் 43 படம் எடுத்தேன். அவற்றில் இருந்த ஒரே பச்சை, ஒரு கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. அதைத் தோட்டம் என்று சொல்ல முடியாது. அது அந்த வீட்டுக்கு எமன்.

கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற வீடு ஒன்றில் பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு வரை பார்த்தோம். முற்றத்தில் கல் பாவியிருக்கிறது. ஒரு துளசிகூட இல்லை. சித்தப்பா பட்டாலைத் தூணைக் கட்டிப் பார்த்தார். இரண்டு கையும் சேரவில்லை. "இந்தத் தூணு வளந்த காடு இப்ப எப்படி இருக்கோ" என்றார்.

11 ஜனவரி, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை, வெளிச்சத்தைப் பற்றி.

அந்த வளவுச் சுவர் சுண்ணாம்புச் சாந்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. விரலால் தடவினால் ஜில்லென்று பளிங்கு மாதிரி இருக்கிறது. முற்றத்தில் இறங்குகிற வெயில் கல்லில் பட்டு, இந்தச் சுவரில் பட்டு, தாழ்வாரத்துக்குள் திரும்பி வருகிறது. சித்தப்பாவைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். கண்ணுக்குக் கீழே நிழலே விழவில்லை. இந்த வெளிச்சத்துக்காக நான் கல்யாண மண்டபங்களில் இரண்டு குடையும் ஒரு பையனும் வைத்திருக்கிறேன். முற்றத்தை நேராக எடுத்தால் மட்டும் தொல்லை. வானத்துக்கு அளவு வைத்தால் தூண் கரியாகிறது, தூணுக்கு வைத்தால் வானம் வெளுத்துப் போகிறது. முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எடுங்கள்.

12 ஜனவரி

முற்றத்தில் ஏன் செடி இல்லை என்று நேற்றே கேட்டிருக்க வேண்டும். இன்று கடியாபட்டியில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், நான் கேட்காமலே சொன்னார். (திருமயத்திலிருந்து வரும்போது இது முதலில் வந்திருக்க வேண்டிய ஊர். சித்தப்பா பேச்சு சுவாரஸ்யத்தில் திருப்பத்தை விட்டுவிட்டார். இன்று திரும்பி வந்தோம்.)

நான்கு பக்கக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிகிறது. மழை ஓட்டில் இறங்கி, மூலைத் தகட்டில் சேர்ந்து, குழாய் வழியாக முற்றத்தில் கொட்டும். முதல் மழையை விட்டுவிடுவார்களாம், ஓடு கழுவுவதற்கு. அடுத்த மழைக்குக் குழாய்க்கு நேர் கீழே அண்டா, வாயில் வேட்டித் துணி. மிச்சம் கல் சரிவில் ஓடி, மூலைத் துளை வழியாக வெளியேறி, தெரு வாய்க்காலில் விழுந்து ஊருணிக்குப் போகும். நடுவில் மரத்தை வைத்தால் இலை விழுந்து தகடு அடைக்கும், மக்கும், ஓட்டிடுக்கில் வேர் பிடிக்கும். "மரம் வச்சா வீடு போச்சுத்தா" என்றார். மற்றபடி முற்றம் காயப்போடுகிற இடம். வடகம், மிளகாய், நெல், கல்யாணச் சீர்ப் பாத்திரம். நிழல் விழுந்தால் வேலைக்காகாது.

2014-ல் இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்களே, அதற்கும் வீடு மட்டும் காரணமில்லை, தெருவும் வாய்க்காலும் ஊருணியும் சேர்ந்த அமைப்புதான் என்றும் அவரே சொன்னார். யாரோ ஆராய்ச்சி மாணவிக்கு உதவி செய்தாராம், பாடம் நன்றாக ஏறியிருக்கிறது.

ஆக, தோட்டம் இல்லாததற்குக் காரணம் தெரிந்தது. தோட்டம் கிடைத்தபாடில்லை.

13 ஜனவரி

கிடைத்தது. ஊர்ப் பெயர் எழுதவில்லை, அந்த அக்கா வேண்டாம் என்றார். பள்ளத்தூருக்கும் கோட்டையூருக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில். இது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நாளாக முன்வாசல் தெருவிலேயே நடந்துகொண்டிருந்தேன். இன்று வண்டியைத் திருப்ப இடமில்லாமல் சித்தப்பா பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் அடுத்த தெருவில் சேர்ந்தார். அங்கே முகப்பு கிடையாது, சுதைவேலை கிடையாது. நீளமாகக் காரை பெயர்ந்த பின்சுவர், சுவருக்கு மேலே முருங்கை, தென்னை, நார்த்தை. ஒரு கதவு திறந்து கிடந்தது.

"யாரு?"

"போட்டோ எடுக்க வந்தோம்க்கா."

"முன்வாசல் அந்தத் தெரு. பூட்டியிருக்கும், ஆச்சி படைப்புக்குத்தான் வருவாக."

"இல்லக்கா, இங்கதான் எடுக்கணும்."

"இங்க என்னத்தா இருக்கு?"

இருந்ததைச் சொல்கிறேன். கிணற்றடியில் வாழை நான்கு. துவைக்கிற கல்லை ஒட்டிக் கருவேப்பிலை, என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. சுவரோரம் மருதாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை. செம்புராங்கல் தரை கெட்டியாக இருக்கிறதாம், கடப்பாறை போட்டாலும் இறங்காது. அதனால் பாதித் தோட்டம் பாத்திரத்தில். அடி ஓட்டையான டிபன் கேரியரின் நான்கு அடுக்கிலும் புதினா. பெயின்ட் டப்பாவில் கத்தரி. லாரி டயரில் கொத்தமல்லி. உடைந்த ஆட்டுக்கல் குழியில் தண்ணீர், தவிட்டுக் குருவிக்கு.

ஒரு ஜாடி. இடுப்பளவு உயரம், வெள்ளை மங்கு, நீலத்தில் கொடி வரைந்தது. வாயிலிருந்து பாதி வரைக்கும் விரிசல். கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருக்கிறார்கள். அதற்குள் மண் நிரப்பிக் கற்பூரவல்லி. இலை ஜாடியின் வாயை மூடித் தொங்கி, நீலக் கொடிக்கு மேலே பச்சைக் கொடியாகப் படர்ந்திருந்தது. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஊறுகாய்க்கோ எண்ணெய்க்கோ கப்பலில் வந்த ஜாடியாக இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இதே மாதிரி ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. சித்தப்பா விலை சொல்ல வாயெடுத்தார், நான் காலை மிதித்தேன்.

அவரைப் பந்தல் இரண்டு பழைய ஜன்னல் சட்டங்களின் மேல் நின்றது. தேக்கு. கம்பி போய்விட்டது, மரம் அப்படியே. ஊதாப் பூவும் பிஞ்சும். எட்டரை மணி வெயில் பந்தலுக்குள் சல்லடையாக இறங்கி, அந்த அக்காவின் முதுகில் விழுந்தது. குனிந்து அடுப்புச் சாம்பலை எடுத்துக் கொடியின் மேல் தூவிக்கொண்டிருந்தார். 35 மி.மீ. லென்ஸ், முட்டி போட்டு உட்கார்ந்தேன். பதினோரு படம். பத்து வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஷட்டரை அழுத்தியதில்லை.

பின்பக்கத்தில் ஏன் இவ்வளவு செழிப்பு என்றால், முற்றத்துத் தண்ணீர் கடைசியாக வடிந்து வருகிற இடம் கொல்லை. நேற்று பெரியவர் சொன்னதோடு இது பொருந்துகிறது.

14 ஜனவரி

நேற்று கடைசிப் பத்தியில் எழுதியது தப்பு. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

ஆத்தங்குடியில் ஒரு ஆச்சி வீட்டில் மோர் குடித்தோம். எண்பதைத் தாண்டியவர். என் கண்டுபிடிப்பைச் சொன்னேன், சிரித்தார். "மழைத்தண்ணியைக் கொல்லைக்கு விடுறதுக்கு எங்களுக்கு என்ன கிறுக்கா?" மழைத்தண்ணீர் அண்டாவுக்கும் ஊருணிக்கும்தான். கொல்லைக்குப் போனது ஒரு தரம் உபயோகித்த தண்ணீர். குளித்தது வாழைக்கு. பாத்திரம் கழுவினது தென்னைக்கு. அரிசி களைந்தது கருவேப்பிலைக்கு, அதுவும் மண்டி வைக்காத நாளில் மட்டும். மண்டி என்கிற குழம்புக்கு அரிசி களைந்த தண்ணீர் வேண்டுமே. "வெண்டைக்கா மண்டி வச்சா அன்னைக்கிக் கருவேப்பிலை பட்டினி" என்றார்.

அந்த அக்கா வீட்டில் வாழை ஏன் கிணற்றடியில், கருவேப்பிலை ஏன் துவைக்கிற கல்லை ஒட்டி என்று இப்போது புரிகிறது. செடிக்கு இடம் பார்த்து வைக்கவில்லை, சாக்கடை போகிற வழி பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆத்தங்குடிக்கு வந்துவிட்டுத் தரையில் பதிக்கிற பூக்கல்லைப் பற்றி எழுதாமல் போனால் திட்டுவீர்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்குகிறபோது கை ஆடக்கூடாது, ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்து வைத்துவிடுகிறார். காய்ந்ததும் கண்ணாடியோடு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினால் பூ முகம் பார்க்கிற பளபளப்பில் இருக்கிறது. செட்டிநாட்டுத் தோட்டம் தரையில் இருக்கிறது என்று ஒரு வரி தோன்றியது. கல்யாண ஆல்பத்துக் கவிதை மாதிரி இருக்கிறது, விடுங்கள்.

தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவீர்களா என்று கேட்டேன். "சிமெண்டுத் தண்ணிங்க. வேர் வெந்துரும்." அந்தப் பட்டறையில் ஒரே ஒரு எருக்கு, அதுவும் தள்ளி.

15 ஜனவரி

பொங்கல். காரைக்குடியில் சித்தப்பாவின் நண்பர் வீட்டில். கேமரா பையிலேயே இருந்தது. கொல்லையிலிருந்து பறித்த மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில் கட்டினார்கள். எடுத்திருக்கலாம். சாப்பிட்டேன்.

17 ஜனவரி

திருப்பத்தூர் ரோட்டில் இரண்டு மணி நேரமாக நிற்கிறோம். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு என்பதை எப்படித்தான் மறந்தோமோ. புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு இந்த ஞாபகமறதி அவமானம். முன்னால் ஒரு வேன், அதில் திமிலுக்கு மஞ்சள் பூசிய காளை. பின்கதவுக் கம்பி வழியாக என்னையே பார்க்கிறது. எடுத்தேன். தலைப்பு தேவையில்லை.

1927-ல் காந்தி இந்தச் சிராவயலுக்கு வந்து, பிற்பாடு பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவின் ஆசிரமத்தைப் பார்த்தார் என்று சித்தப்பா ஆரம்பித்தார். வண்டி நகர்ந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பார். நகரவில்லை, முழுதும் கேட்டேன்.

17 ஜனவரி, மாலை

வேட்டங்குடிக் கண்மாய். தண்ணீர் நிற்கிறது, மரம் முழுக்க நாரையும் கொக்கும். பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள், பறவைகள் பயந்துவிடும் என்று. என்னிடம் பறவை எடுக்கிற நீள லென்ஸ் இல்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று, டீக்கடைப் பின்பக்கத்துப் பூசணிக்கொடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

18 ஜனவரி

ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் சித்தப்பா எதற்கு வருகிறார், வண்டி ஓட்டவா?" இன்றைக்குப் பதில் இருக்கிறது.

கோட்டையூர். ரோஜா முத்தையா வாழ்ந்த ஊர். விளம்பரப் பலகை எழுதும் தொழிலிலிருந்து புத்தகச் சேகரிப்புக்குப் போனவர். 1992-ல் அவர் இறந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக்கினார்கள். சித்தப்பாவுக்கு இதில் தனிப் பெருமை. "போர்டு எழுதுறவன், போட்டோவுக்கு கலர் போடுறவன் எல்லாம் ஒரு சாதி" என்பார். தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் சினிமா ஸ்டூடியோ நடத்திய காலத்தில் தன் குருநாதர் அங்கே பலகைக்குப் பூச்சுப் பூசியதாகவும் சொல்வார். குருநாதர் சொன்ன கதை, அவரவர் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

இன்று போன வீட்டில், வளவு முழுக்க நிலைக்கு மேலே படங்கள் வரிசையாக, முன்னால் சாய்த்து மாட்டியிருக்கின்றன. சாய்த்து மாட்டினால் முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காது, கீழே நிற்பவருக்கு முகம் தெரியும். நான் எடுத்த முதல் நான்கு படத்திலும் பெரியவர்களின் முகத்துக்குப் பதிலாக என் முகம். சித்தப்பா ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு ஏறி, ஒரு ஆச்சியின் படத்தில் மூக்கு வைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் நிறம் கொடுத்தது. "பாரு, சேலைக்கு பஞ்சு. கன்னத்துக்கு விரல். தோட்டுக்கு மட்டும் வெள்ளைப் புள்ளி வச்சு, அப்புறம் பிளேடு முனையால சுரண்டியிருக்கான். அதான் வைரம் மின்னுது." கல்யாணத்தில் கட்டும் கழுத்திருவின் ஒவ்வொரு உருவுக்கும் தனித்தனி மஞ்சள். அந்த ஆச்சிக்குப் பின்னால் வரைந்த திரை. திரையில் என்ன தெரியுமா? தோட்டம். படிக்கட்டு, நீரூற்று, ரோஜாச் செடி, தூரத்தில் ஏரி. செட்டிநாட்டில் எங்குமே இல்லாத தோட்டம்.

முதல் நாள் எழுதிய வாசகரே, நீங்கள் கேட்ட தோட்டம் இதுதான் போலிருக்கிறது.

19 ஜனவரி

இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: கொல்லைப்புறத்தின் மேல் எனக்கு என்ன இத்தனை பிடிவாதம்? ஒருவர், வேலைக்காரர்களின் வறுமையை அழகாக்கி எடுக்கிறேன் என்றும் சொல்கிறார்.

என் அப்பத்தா தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஊருணித் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தவர். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, காலையில் பன்னிரண்டு நடை. கல்யாணத்துக்கு முன்னாலும் அதே வீடு, பின்னாலும் அதே வீடு. அந்த வீட்டு முகப்பு எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் கேட்டேன். "நான் எங்கிட்டுப் பாத்தேன்" என்றார். கொல்லைவாசல் வழியாகப் போய், கொல்லைவாசல் வழியாகவே வந்தவர். வரும்போது மடியில் நார்த்தங்காய் இருக்கும், மருதாணி இருக்கும். எங்களுக்கு அந்த வீடு என்றால் அந்த வாசனைதான். கிளம்பும்போது இதை எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசியிருப்பீர்கள், இழை சப்பென்று போயிருக்கும்.

வறுமையை அழகாக்குவது பற்றி. இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. 16-ஆம் தேதி, இங்கே எழுதாத ஒரு நாள், ஒரு கொல்லைக் கதவின் இடுக்கு வழியாகத் தலை குளித்துவிட்டுக் கூந்தல் ஆற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அந்த நிலை கலைந்துவிடும் என்று மனசு சமாதானம் சொன்னது. படம் நன்றாக வந்திருந்தது, அதுதான் கஷ்டம். இரண்டு நாள் வைத்திருந்தேன். எங்கள் அப்பத்தாவை யாராவது இப்படி எடுத்து, எங்கோ ஒரு ஓட்டலில் மாட்டியிருந்தால்? அழித்துவிட்டேன். அழித்ததைச் சொல்லிப் பெருமையடிக்கவில்லை. எடுக்கும்போது கை தயங்கவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜாடி அக்கா விஷயம் வேறு. அவர் கேமராவுக்கு முன்னால் நின்று, "சாம்பலைத் தூவுறப்ப எடு" என்று அவரே சொன்னார்.

20 ஜனவரி, இரவு

நாட்டரசன்கோட்டை. தை முதல் செவ்வாய், செவ்வாய்ப் பொங்கல். கண்ணாத்தாள் கோவில் வாசலில் புள்ளிக்கு ஒரு பானை. புள்ளி என்றால் கல்யாணமான தம்பதி ஒரு கணக்கு. முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளெல்லாம் இன்றைக்குத் திறந்திருக்கின்றன. வரிசை வரிசையாகப் புகை. நடுவில் பட்டுச்சேலை, செல்போன், வரன் பேச்சு. வானம் சாம்பல் நிறமாகி, நெருப்பு மட்டும் முகத்தில் விழுகிற அந்தக் கால் மணி நேரத்துக்கு நூறு படம் போயிற்று.

ஆறு படம் தேறும். முகமும் நெருப்பும் கல்யாண ஓமம் மாதிரியே இருக்கின்றன, கையும் அதே பழக்கத்தில் எடுத்திருக்கிறது. சித்தப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு அட்வான்ஸ் வாங்கினியா?" என்றார்.

3 பிப்ரவரி

தை முகூர்த்தங்கள். மூன்று கல்யாணம் முடித்துவிட்டு இன்றுதான் உட்கார்ந்தேன். கடை ஒன்றில் படங்களைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். பச்சையையெல்லாம் "அழகாக்கி" நீலமாக்கிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பப் போட வைத்தேன், இரண்டாம் தடவைக்கும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று ஞாயிறு இல்லை, திங்கள்தான், ஆனாலும் சித்தப்பா கிளம்பிவிட்டார். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அக்கா படத்தைக் கிணற்றடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். நான் முட்டி போட்டு எடுத்த, சல்லடை வெயில் முதுகில் விழுகிற படம்.

"பேன் புடிச்ச கொடியைப் போய் எடுத்திருக்கியேத்தா."

அப்போதுதான் நானும் பார்த்தேன். பிஞ்சுக் காம்பெல்லாம் கறுப்பாக அசுவினி. அதற்குத்தான் சாம்பல் தூவியிருக்கிறார். எனக்கு அன்று சாம்பல் வெயிலில் மிதக்கிற அழகு மட்டும் தெரிந்தது. கணினியில் இருபது தரமாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன், பூச்சி கண்ணில் படவில்லை.

இப்போது கொடி சுத்தமாக இருக்கிறது, காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தார். மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். "எடு, ஆனா நான் சேலை மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போனார். மாற்றிக்கொண்டு வந்து, ஜாடிக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டு நேராக நின்றார். பழைய ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரி. சித்தப்பா முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். அந்தப் படத்தைத்தான் மாட்டப்போவதாக அக்கா சொல்லிவிட்டார். முதல் படம் எனக்கு.

8 பிப்ரவரி

டீசல் வாசகர் தனியாக எழுதியிருந்தார், இங்கே போடச் சம்மதித்தார். கொத்தமங்கலத்தில் அவர்கள் ஐயா கட்டிய வீடு இருக்கிறதாம். பங்காளிகள் பதினான்கு பேர். முன்வாசல் சாவி யாரிடம் என்பதில் இருபது வருஷமாகத் தகராறு. கடைசியாக அவர் உள்ளே போனது பன்னிரண்டு வயதில். கொல்லையில் ஒரு பவழமல்லி இருந்ததாக ஞாபகம், ஆனால் அது தங்கள் வீடா ஆயா வீடா என்று நிச்சயமில்லையாம். போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்.

சாவி? வேண்டாம் என்கிறார். கொல்லைச் சுவர் போன மழையில் விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். இருந்தாலும் பங்காளிகளில் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.

ஆம்னி சர்வீஸில் நிற்கிறது. மாசி பிறப்பதற்குள் பதில் வந்தால் போவோம். பங்குனி ஆகிவிட்டால் பச்சை இருக்காது, பவழமல்லியும் பூத்து ஓய்ந்திருக்கும், எந்த மரம் என்று இலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பவழமல்லி இலை சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும் என்கிறார் சித்தப்பா. பார்க்கலாம்.